உப்புக்காற்று ஊரில் தினமும் தைக்க ஒரு பழைய சிங்கர்: எதை வாங்குவது?

உப்புக்காற்று (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். வீட்டில் வைத்துத் தினமும் தைக்க ஒரு பழைய மெஷின் தேடுகிறேன். அலங்காரத்துக்கு இல்லை. தைக்கப்போவது ரவிக்கை, பாவாடை, குழந்தைக்குக் கவுன், புடவைக்கு ஃபால்ஸ், எப்போதாவது ஜீன்ஸ் காலைக் குறைப்பது. நேர்த்தையல் போதும், ஜிக்ஜாக் வேண்டாம். கரண்ட் இல்லாமல் ஓட வேண்டும். வீடு கடலுக்குப் பக்கம், முதல் மாடி.

இப்போது நான்கு மெஷின்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் இரும்பு ஸ்டாண்டோடு சிங்கர் 15கே மாடல். அதே கடையில் மரப்பெட்டிக்குள் 28கே கை மெஷின், தங்கப் பூவேலை அழியாமல் இருக்கிறது. கடலூரில் தெரிந்தவர் வீட்டில் 201கே, மோட்டாரோடு. மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் கறுப்பு மெஷின் ஒன்று, சிங்கர் என்று எழுதியிருக்கிறது, மாடல் தெரியவில்லை. மனசு 28கே பக்கம் சாய்கிறது. அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக் (கடலூர்)

மேடம், தங்கப் பூவை விட்டுட்டு பாபினைப் பாருங்க. தினமும் தைக்கிற மெஷினுக்கு முதல் கேள்வி, பாபின் கேஸ் (அடி நூல் பாபின் உட்கார்ற கூடு) கெட்டுப்போனா ஊருக்குள்ளயே வாங்க முடியுமா என்கிறதுதான். 15-க்கு முடியும். 1930-கள்ல கல்கத்தாவில ஆரம்பிச்ச உஷாவோட கறுப்பு மெஷின், சிங்கரே இந்தியாவில வித்த மெரிட், லூதியானாவில இன்னிக்கும் செய்யற கறுப்பு மெஷின், எல்லாமே 15-ஓட அமைப்புதான். அதனால பாபின், கேஸ், மேல் நூலைப் பிடிக்கற ஷட்டில், துணியைத் தள்ளற பல், டென்ஷன் ஸ்பிரிங் எல்லாம் எந்த ஸ்பேர் கடையிலயும் கிடைக்கும். சிலதை லேசா உரசிப் பொருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

201-க்கு பாபின் வேற. அதுக்கும் சிங்கரோட 66 மாடலுக்கும் ஒரே பாபின். பார்வைக்கு 15 பாபின் மாதிரியே இருக்கும், ஆனா உயரம் கொஞ்சம் கம்மி. மாத்திப் போட்டா பாபின் சுத்தாம இறுகி நூல் அறும். கடையில "66 பாபின்"னு சொல்லிக் கேட்டு வாங்கணும். 28-க்கு உருண்டை பாபினே கிடையாது. நீளமான கம்பி பாபின், அது தோட்டா மாதிரி இருக்கிற ஷட்டிலுக்குள்ள போகும். ஷட்டில் தொலைஞ்சா மெஷின் நின்னுடும். கடைக்காரர்கிட்ட முதல்ல கேளுங்க, ஷட்டிலும் பாபினும் உள்ள இருக்கா?

ஊசி விஷயத்தில மூணுக்கும் கவலை இல்லை, ஒரே ஊசிதான். கடையில எச்.ஏ. ஊசிம்பாங்க, காம்பு ஒரு பக்கம் தட்டையா இருக்கும். பவர் மெஷினுக்குப் போடற உருண்டைக் காம்பு ஊசியை இதுல மாட்டாதீங்க. தையல் விடும், ஷட்டில் முனையும் ஊசியில இடிக்கும்.

வில்லியனூர் கைவீல்

28கே-வை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். அதன் ஷட்டில் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். வேகமாக ஓட்டினால் சத்தம் போடும், நிதானமாக ஓட்டினால் மெல்லிய பருத்தித் துணியில் மிக அழகான தையல் விழும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்று தையல் போல விழுவதால், ரவிக்கைக் கழுத்து வளைவில் ஒவ்வொரு தையலாக நகர்த்தலாம். தைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான மெஷின் கிடையாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வலக்கை கைப்பிடியில் இருப்பதால் துணியை இடக்கை ஒன்றுதான் நடத்தும். நீளமான பாவாடை ஓரத்துக்கு அலுப்பு. ரிவர்ஸ் கிடையாது. முனையில் முடிச்சுப் போட, ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியை அழுத்தும் மெஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி நான்கு தையல் திரும்பி வர வேண்டும். உடம்பு முக்கால் அளவு என்பதால் பெரிய மெஷினின் கால் ஸ்டாண்டில் உட்காராது. பின்னால் மிதிக்கிற மெஷினாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள்.

பாகூர் பாபின்

தினமும் தைப்பதற்கு என்றால் என் ஓட்டு 201கே-வுக்கு. 15-இல் ஷட்டில் அரைவட்டம் போய்த் திரும்பி வரும். 201-இல் ஷட்டிலுக்குப் பதில் நூலைப் பிடிக்கும் கொக்கி ஒரே திசையில் முழுச் சுற்றாகச் சுழல்கிறது, அதைச் சுழற்றுவது பல்சக்கரங்கள். அதிர்வு மிகக் குறைவு. வாயில், மல், மெல்லிய பட்டு மூன்றிலும் தையல் சுருங்காமல் விழும். தையல் நீளம் அங்குலத்துக்கு 6-இலிருந்து 30 வரை வைக்கலாம், ரிவர்ஸ் உண்டு. பாபின் மேலிருந்தே போடுவதால் நூல் எவ்வளவு மிச்சம் என்பதைத் தகட்டை நகர்த்திப் பார்த்துவிடலாம்.

ஆனால் மோட்டார் எப்படி மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. 201கே2 என்றால் மோட்டார் மெஷினின் வலப்பக்கத் தூணோடு சேர்ந்தே இருக்கும், பல் வைத்து வீலை நேராகச் சுழற்றும், பெல்ட் இருக்காது. அதை மிதிக்கவும் முடியாது, கைப்பிடி போடவும் முடியாது. 201கே3-இல் மோட்டார் தனியாகத் தூணுக்குப் பின்னால் ஒரே திருகாணியில் தொங்கும், சின்ன பெல்ட் ஒன்று வீலுக்கு வரும். அந்தத் திருகாணியைக் கழற்றினால் மோட்டார் போய்விடும், மெஷின் ஸ்டாண்டுக்குத் தயார். கரண்ட் இல்லாமல் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள், அதனால் இரண்டாவது வகை மட்டும்தான் உங்களுக்கு ஆகும்.

சிமான்கோ

சண்டே மார்க்கெட் மெஷினைப் பற்றி. சிங்கர் என்ற எழுத்தை எந்தக் கறுப்பு மெஷினிலும் ஒட்டலாம், ஒட்டுகிறார்கள். மூன்று இடங்களைப் பாருங்கள். மெஷினின் அடித்தட்டில், வீலுக்குப் பக்கத்துப் புறத்தில், எண் பொறித்திருக்க வேண்டும். தூணில் பித்தளை வில்லை ரிவிட் அடித்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் உறுதியான சான்று: ஊசித்தட்டு, நகரும் தகடு, கால் ஆகியவற்றைத் திருப்பிப் பார்த்தால் எண்ணோடு 'சிமான்கோ' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனியின் சுருக்கம் அது. ஓரிரு பாகம் பிற்பாடு மாறியிருக்கலாம். எதிலுமே இல்லை என்றால் அது பெரும்பாலும் சிங்கர் இல்லை. அதற்காகக் கெட்ட மெஷின் என்று ஆகாது, 15 அமைப்பில் வந்த நல்ல இந்திய மெஷினாகவும் இருக்கலாம். சிங்கர் விலை கொடுக்கக் கூடாது என்பதுதான்.

எண்ணை வைத்து வயசும் சொல்லலாம். எழுத்தே இல்லாமல் எண் மட்டும் என்றால் 1900-க்கு முந்தியது. ஒய் என்ற எழுத்தில் தொடங்கினால் 1922-க்கும் 1935-க்கும் நடுவில், ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்தும் அதே ஆலைதான், 1930-களின் நடுவிலிருந்து. மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் 'கே' அந்த ஆலை இருந்த கில்போவியைக் குறிக்கிறது. 1885-இல் திறந்து 1980-இல் மூடிய ஆலை. இன்றும் அங்கே உள்ள ரயில் நிலையத்தின் பெயர் சிங்கர்.

உப்புக்காற்று

அனைவருக்கும் நன்றி. நான்கையும் மறுபடி பார்த்துக் குறிப்பெடுத்தேன்.

சண்டே மார்க்கெட் மெஷினில் சிமான்கோ எங்குமே இல்லை, வில்லை பிளாஸ்டிக். 28கே-யில் ஷட்டில் இருக்கிறது, பாபின் ஒன்றே ஒன்று. 15கே எண் ஒய்-யில் தொடங்குகிறது; வீல் கனமாகச் சுற்றுகிறது, ஒரு இடத்தில் நின்று நின்று போகிறது. தூணில் பாதி உயரத்துக்குப் பெயிண்ட் மங்கலாக, கோடு போட்டது போல. ஸ்டாண்டு மட்டும் லேசாக ஓடுகிறது. கடைக்காரர் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார். 201-இல் மோட்டார் பின்னால் தனியாகத் தொங்குகிறது, வீலில் பெல்ட் பள்ளம் இருக்கிறது. எண் ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து. வீல் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுகிறது.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

அந்தக் கோட்டைத்தான் பார்க்கணும் மேடம். தண்ணியில நின்ன மெஷினா இருக்கும். நம்ம பக்கம் 2011 டிசம்பர்ல தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல், அதுக்கு ரெண்டே நாள்ல தென்பெண்ணையில வெள்ளம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்ன மெஷின் எத்தனையோ பெயிண்ட் அடிச்சு வியாபாரத்துக்கு வந்திருக்கு. மேல துடைச்சுடுவாங்க, உள்ள யாரும் திறந்து பார்க்கறதில்லை.

ஒரு திருப்புளியும் டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க. ஊசிப் பக்கத்து முகத்தகட்டைக் கழட்டுங்க. தூணுக்குப் பின்னால வட்டமா ஒரு மூடி இருக்கும், அதையும் திறங்க. அப்புறம் மெஷினைப் பின்னால சாய்ச்சு அடியில டார்ச் அடிங்க. பழுப்பா எண்ணெய்க் கறை இருந்தா பயமில்லை, மண்ணெண்ணெயில போயிடும். வண்டல் மாதிரி சாம்பல் பொடி, திருகாணித் தலையில பூத்த துரு இருந்தா வெள்ளம்தான். ஊசிக் கம்பியையும் கால் கம்பியையும் நகத்தால தடவுங்க. வழுவழுன்னு இருக்கணும். குழி குழியா இருந்தா அந்தக் கம்பி மேல ஏறி இறங்கறப்ப அதைத் தாங்கற புஷ்ஷை அராவிக்கிட்டே இருக்கும், எவ்வளவு எண்ணெய் விட்டாலும் கொஞ்ச நாள்ல இறுகிடும். ஷட்டில் ஓடற வளையத்திலும் அதே மாதிரி தடவிப் பாருங்க, அங்க குழி இருந்தா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்.

வீலை ஸ்பேனர் போட்டுத் திருப்ப விடாதீங்க. அதோட போச்சு.

பாகூர் பாபின்

அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. வீல் கனமாக இருப்பதற்கு எப்போதும் துருவே காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டு மெஷின்களில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விட்டிருப்பார்கள். அது காய்ந்து அரக்கு போலப் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிய மெஷினை மீட்டுவிடலாம்: எல்லா எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் சரிபாதி கலந்து விட்டு, ஒரு ராத்திரி விட்டு, காலையில் தலைமுடி உலர்த்தியால் இரும்பைச் சூடாக்கி, வீலை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். தளர்ந்த பிறகு மெஷின் ஆயில் மட்டும் விட்டு நன்றாக ஓட்டி, வெளியே வரும் கறுப்பை மூன்று நான்கு முறை துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயை உள்ளேயே விட்டுவிட்டால் அது காய்ந்து தண்டுகள் வறண்டுபோகும்.

இந்த 15கே-யில் வீல் ஒரே இடத்தில் நிற்கிறது என்கிறீர்கள். காய்ந்த எண்ணெய் என்றால் சுற்று முழுக்கக் கனமாக இருக்கும். ஒரே இடத்தில் தடுத்தால் ஷட்டிலுக்குப் பின்னால் நூல் சிக்கியிருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று வளைந்திருக்கலாம். நூல்தானா என்று அங்கேயே பார்த்துவிடலாம்: பாபின் கேஸை எடுத்து, வளையத்தின் இரண்டு பக்கத்துப் பூட்டுகளையும் விலக்கி, வளையத்தையும் ஷட்டிலையும் வெளியே எடுத்து வீலைச் சுற்றுங்கள். இப்போது லேசாகச் சுற்றினால் சிக்கல் அங்கேதான்.

உப்புக்காற்று

பார்த்தாயிற்று. ஷட்டிலை எடுத்த பிறகும் அதே இடத்தில் நிற்கிறது. பின் மூடிக்குள் சாம்பல் வண்டல். ஊசிக் கம்பியில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி. 15கே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் ஸ்டாண்டு அவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை.

சிமான்கோ

ஸ்டாண்டை விடாதீர்கள். சிங்கரின் முழு அளவுத் தலைகள் (ஸ்டாண்டு இல்லாத மெஷின்) 15, 66, 127, 201 எல்லாவற்றுக்கும் அடித்தட்டு ஏறக்குறைய 37 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர். பின்னால் உள்ள கீல் துளைகளின் இடைவெளியும் ஒன்றே. 15 உட்கார்ந்திருந்த பலகையில் கடலூர் 201 அப்படியே உட்காரும். கடைக்காரரிடம் தலையை இரும்பு விலைக்குக் கழித்துவிட்டு ஸ்டாண்டுக்கு மட்டும் விலை பேசுங்கள்.

வாங்கும் முன் பலகையின் அடிப்பக்கத்தையும் இழுப்பறைக்குள்ளும் கரையான் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மிதியையும் பெரிய வீலையும் இணைக்கும் கம்பியின் மேல்முனையில் கடகட என்று ஆட்டம் இருந்தால் அங்கே உள்ள குண்டு பேரிங் தேய்ந்திருக்கிறது; சில ஸ்டாண்டுகளில் அதை இறுக்கிச் சரிசெய்யலாம். மேல்பலகை ஒட்டுத்தாள் ஓரத்தில் உரிந்திருப்பது இந்தக் கடற்கரையில் எல்லா ஸ்டாண்டிலும் உண்டு. ஃபெவிகால் வைத்துச் சுமை ஏற்றினால் பிடித்துக்கொள்ளும்.

தோல்பை வேலை (ஆரோவில் பக்கம்)

நடுவில் ஒரு கேள்வி. பழைய இரும்பு மெஷின் தோலையும் தைக்கும் என்கிறார்களே, 201 தைக்குமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

தம்பி, மெல்லிசு ஆட்டுத்தோல் ரெண்டு மடிப்புன்னா தோல் ஊசி போட்டு மெதுவா தைக்கும். பை, பெல்ட் தடிமனுக்கு வேண்டாம். இரும்பு உடம்புங்கறதால பலம்னு நினைக்கிறாங்க. இது வீட்டு மெஷின், கால் தூக்கற உயரமும் ஊசி கனமும் துணிக்கு ஏத்தபடி செஞ்சது. தடிச்ச தோலை அடியில திணிச்சா ஊசிக் கம்பி நழுவி டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கிற நேரம், போயிடும். உங்களுக்குக் கால் நடக்கிற வகை, அதாவது மேல்காலும் சேர்ந்து துணியை இழுக்கிற தொழிற்சாலை மெஷின்தான் வேணும். அதைத் தனிக் கேள்வியா இங்க போடுங்க, சொல்றேன்.

லாஸ்பேட்டை லைன்

221கே ஃபெதர்வெயிட்டை யாருமே சொல்லவில்லையே? 5 கிலோதான், மாடி வீட்டுக்கு வசதி.

பாகூர் பாபின்

அருமையான மெஷின், 221 மாடல் முதலில் 1933-இல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் கேட்டவர் கரண்ட் வேண்டாம் என்கிறார், அது மோட்டாரில் மட்டும்தான் ஓடும். யாராவது வாங்குவதாக இருந்தால் மெஷினில் உள்ள தகட்டில் வோல்ட் எவ்வளவு என்று படித்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 110. நம் 230-இல் போட்டால் மோட்டார் எரிந்துவிடும். 200 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். ஒயரை வளைத்துப் பார்த்து ரப்பர் பொடியாக உதிர்ந்தால் முழு ஒயரையும் மாற்றாமல் ஓட்ட வேண்டாம். பாபின் கேஸ் அதற்கே உரியது, 15-உம் ஆகாது 66-உம் ஆகாது.

உப்புக்காற்று

ஸ்டாண்டு பேசி முடிந்தது. 201-ஐயும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கடலூரிலிருந்து காரில் கொண்டுவர வேண்டும், அதன் பெட்டி உடைந்திருப்பதால் வெறும் தலைதான். எப்படிக் கட்டுவது? வந்ததும் என்ன வரிசையில் வேலை செய்வது?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

மோட்டாரை அங்கேயே கழட்டிடுங்க, தனிப் பையில போடுங்க, தூக்கிப் போட வேண்டாம். வெறும் தலையே 12 கிலோவுக்குக் குறையாது. பல்லுக்கும் காலுக்கும் நடுவுல துணியை நாலா மடிச்சு வெச்சு காலை இறக்குங்க. ஊசியைக் கழட்டிடுங்க. நகர்ற தகடு வழியில விழுந்து தொலையற சாமான், அதை எடுத்துத் தனியா வைங்க. மெஷினை அது நிக்கிற மாதிரியே, அடித்தட்டு கீழ இருக்கறபடி, ரெண்டு தலையணைக்கு நடுவில கார் தரையில வைங்க. சீட்டு மேல வேண்டாம், பிரேக் போட்டா உருண்டு நூல்கட்டைக் கம்பி உடையும். தூக்கறப்ப வீலைப் பிடிச்சுத் தூக்காதீங்க, ஒரு கை தூணிலயும் ஒரு கை முகத்துக்கு அடியிலயும்.

ஸ்டாண்டில மாட்டறது சுலபம். பலகைக் கீலோட ரெண்டு முளையும் மெஷின் பின்புறத் துளைக்குள்ள போகும், அடியிலிருந்து ரெண்டு சின்ன திருகாணியை இறுக்கணும். இறுக்கிட்டு மெஷினை ஒரு தரம் பின்னால சாய்ச்சுப் பாருங்க, முளை வெளியே வழுக்கக் கூடாது. இந்தத் திருகாணியை விட்டுட்டு சாய்ச்சுத்தான் நிறைய மெஷின் தலை தரையில விழுந்து மெஷினோட கை முறிஞ்சிருக்கு. வார்ப்பிரும்பு, ஒட்ட முடியாது.

பெல்ட் தோல்தான் நல்லது, 5 மில்லிமீட்டர் உருண்டை. 72 அங்குலம் வாங்கினா போதும். பெரிய வீல், மேல் வீல் ரெண்டையும் சுத்திப் பிடிச்சு, முனையும் முனையும் தொடற இடத்திலிருந்து அரை அங்குலம் குறைச்சு வெட்டுங்க. முனையிலிருந்து கால் அங்குலம் தள்ளித் துளை போட்டு கம்பிக் கொக்கியை மாட்டி நசுக்குங்க. ரொம்ப இறுக்கினா மிதிக்கக் கனமா இருக்கும், மேல் புஷ்ஷும் தேயும். மழை மாசத்தில தோல் நீளும், அப்ப ஒரு கால் அங்குலம் வெட்டிக்கலாம்.

பாகூர் பாபின்

எண்ணெய் பற்றி நான் சொல்கிறேன், 201-க்கு இது கொஞ்சம் வேறு. தண்டு சுழலும் இடம், ஊசிக் கம்பி, நூல் இழுக்கும் கை, கொக்கி, இவற்றுக்கெல்லாம் வெள்ளை மெஷின் ஆயில் ஒவ்வொரு சொட்டு. பல்சக்கரங்களுக்கு ஆயில் நிற்காது, வழிந்துவிடும். பின் மூடிக்குள் ஒரு ஜோடி, அடியில் கொக்கிப் பக்கம் ஒரு ஜோடி இருக்கும். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, பற்களில் மட்டும் மெல்லியதாகப் புது கிரீஸ் தடவுங்கள்.

உடம்பைத் துடைக்க ஸ்பிரிட், தின்னர், சானிடைசர், கொலின் எதுவும் கூடாது. பூவேலை மேல் பூசியிருப்பது அவலரக்கு வார்னிஷ், ஸ்பிரிட் பட்டதும் கரைந்து பூவோடு வந்துவிடும். ஈரத்துணியும் நல்லதில்லை, தங்கம் வெள்ளியாக வெளுக்கும். மெஷின் ஆயிலையே பஞ்சில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு போய்விடும். 28கே-வை வாங்குகிறவருக்கும் இதுதான் முதல் பாடம்.

வில்லியனூர் கைவீல்

மிதிக்கப் பழகும்போது ஊசியில் நூல் கோர்க்காமல் பழைய துணியில் ஓட்டுங்கள். வீலின் மேல்பகுதி உங்கள் பக்கம் வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் கொக்கியில் சிக்கும். கையால் வீலை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு உடனே மிதியுங்கள். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைத்தால் கட்டுப்பாடு நன்றாக வரும்.

உப்புக்காற்று

மெஷின் ஸ்டாண்டில் ஏறிவிட்டது, லேசாக மிதிபடுகிறது. பாப்ளின் இரண்டு மடிப்பில் தைத்துப் பார்த்தேன். மேலே சிவப்பு, கீழே வெள்ளை நூல். அடிப்பக்கம் சிவப்பு கொத்துக் கொத்தாக விழுகிறது. சில இடத்தில் தையலும் விடுகிறது. பாபின் டென்ஷனை இறுக்க வேண்டுமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

பாபினைத் தொடாதீங்க. அடியில கொத்தா விழுந்தா குற்றம் மேல் நூலில. மேல் நூலைப் பிடிக்கிற ரெண்டு தட்டுக்கு நடுவில நூல் உட்காரலை. காலைத் தூக்கி வெச்சுட்டு நூல் கோர்க்கணும், அப்பதான் தட்டு விலகும். கோர்த்துட்டு காலை இறக்கி நூலை இழுங்க, இறுக்கம் தெரியணும். தெரியலைன்னா தட்டுக்குள்ள பஞ்சு அடைச்சிருக்கும். காலைத் தூக்கி, ஒரு பருத்தித் துணி ஓரத்தை உள்ள விட்டு இழுத்துத் துடைங்க. சின்ன வளைஞ்ச கம்பி ஸ்பிரிங் ஒண்ணு இருக்கும், நூல் அதுக்கு அடியில போகணும்.

தையல் விடறதுக்கு ஊசியைப் பாருங்க. ஊசியில ஒரு பக்கம் நீளப் பள்ளம், எதிர்ப்பக்கம் காம்பு தட்டை. ஊசிக்கு மேல கடைசி நூல் வழிகாட்டி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் பள்ளம் வரணும், நூலும் பள்ளத்துப் பக்கமிருந்துதான் கண்ணுக்குள்ள போகணும். ஊசியை மேல முட்டற வரைக்கும் தள்ளி இறுக்குங்க. இது எல்லாம் சரியா இருந்தும் விட்டா அப்புறம் டைமிங்கைப் பார்க்கலாம்.

சிமான்கோ

டைமிங்குக்குப் போகும் முன் ஊசித்தட்டின் துளை விளிம்பை விரலால் தடவுங்கள். வளைந்த ஊசி இடித்து அங்கே கீறல் இருந்தால் நூல் பிசிறும், அறும். 1000 நம்பர் உப்புத்தாளை நூல் போல மெல்லிய கீற்றாக வெட்டி, துளைக்குள் கோர்த்து முன்னும் பின்னும் இழுத்தால் மழுங்கிவிடும்.

பாபின் கேஸ் சுழலாமல் தடுக்கும் விரல் போன்ற பாகத்துக்கும் கேஸுக்கும் நடுவில் மேல் நூல் நழுவிப் போகும் அளவு இடைவெளி வேண்டும். அங்கே பஞ்சு சேர்ந்தாலும் இதே கொத்துதான் விழும். பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். ஊதாதீர்கள், வாயின் ஈரம் உள்ளே போகும்.

உப்புக்காற்று

தட்டுக்குள் பஞ்சு உருண்டையாக இருந்தது. ஊசியும் திரும்பியிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் பாப்ளினில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது. ரவிக்கைக்கு நீளம் எவ்வளவு வைக்கலாம்? ஜீன்ஸில் ஓரத் தையல் மேடு வரும் இடத்தில் மட்டும் கால் சாய்ந்து, தையல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. அப்புறம் கடல் காற்றுக்கு என்ன செய்வது?

பாகூர் பாபின்

ரவிக்கைக்கு அங்குலத்துக்கு 12, ஊசி 11 அல்லது 14. ஃபால்ஸுக்கு அங்குலத்துக்கு 8, ஊசி 11. பட்டுக்குப் புது ஊசியே போடுங்கள், முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்துவிடும்.

காற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். தடித்த பருத்தித் துணி உறை போதும். ஸ்டாண்டில் தலையை உள்ளே மடக்கி மூடும் வசதி இருந்தால் தைக்காத நேரம் மடக்கி வையுங்கள், கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தைக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை வீலைச் சுற்றி, பளபளக்கும் பாகங்களை எல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். அடித்தட்டில் உப்புப் படிந்து பிசுபிசுக்கும், அதையும் சேர்த்து.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

ஜீன்ஸுக்கு ஊசி 16, நீளம் அங்குலத்துக்கு 8. மேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நிறுத்துங்க, ஊசி துணிக்குள்ள இருக்கட்டும். காலைத் தூக்கி, அதே ஜீன்ஸ் வெட்டுத்துண்டை ரெண்டா மடிச்சு காலுக்குப் பின்னால அடியில வைங்க. இப்ப கால் சமமா நிக்கும். மேட்டு மேல மிதிக்காம வீலைக் கையால சுத்தி நாலஞ்சு தையல் போடுங்க. மேடு தாண்டினதும் அந்தத் துண்டை முன்பக்கம் மாத்தி வைங்க, இறங்கறப்பவும் சாயாது. துணியைப் பின்னால பிடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா ஊசி வளைஞ்சு தட்டில இடிக்கும், சிமான்கோ சார் சொன்ன கீறல் அப்படித்தான் வருது.

ஃபெஞ்சல் மாதிரி தண்ணி வர்ற நிலைமை வந்தா ஸ்டாண்டு நனைஞ்சாலும் பரவாயில்லை. கீல் திருகாணி ரெண்டையும் தளர்த்தித் தலையை மட்டும் கட்டில் மேல ஏத்திடுங்க. உங்களுக்கு மாடிங்கறதால அந்தக் கவலை இல்லை, கீழ் வீட்டுக்காரங்க யாராவது இந்த உரையாடலைப் படிச்சா அவங்களுக்காகச் சொல்றேன்.